மாட்டுக்குப் போடும் தவிட்டில் இத்தனை சத்தா?

குழந்தைகளைச் சீண்டும்போது, "உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்!" என்போம். தவிடு அவ்வளவு மலிவு. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அரைத்தால் அரிசி வீட்டுக்கு, தவிடு மாட்டுத் தொட்டிக்கு. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் இதே கதைதான். ஆலிவ் காயில் எண்ணெய் எடுத்ததும் மிஞ்சும் சக்கையையும் கழிவு நீரையும் கொட்டி வந்தார்கள். உடம்பின் அணுக்களைக் காக்கும் சத்து எண்ணெயைவிட அந்தக் கழிவில்தான் அதிகம் தங்குகிறதாம்!

அதென்ன சத்து? நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும், பழைய எண்ணெய் காறுவதும் பிராண வாயு செய்கிற வேலை. நம் அணுக்களிலும் இந்த மாதிரி சேதம் நடக்கிறது. அதைத் தடுப்பவைதான் ஆன்டி ஆக்ஸிடன்ட்கள். தவிட்டு எண்ணெயில் வைட்டமின் ஈயோடு ஒரைசனால் என்று ஒன்று உண்டு. 1954-ல் ஜப்பானியர் கண்டது. நெல்லின் தாவரப் பெயரான ஒரைசாவிலிருந்து வந்த பெயர்.

ஆனால் சகோதரிகளே, சோதனைச் சாலையில் கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களுக்குக் கிடைத்த பலன் நமக்கும் அப்படியே கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. தவிட்டு எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஓரளவு குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திய உறவுக்காரர் ஒருவரை டாக்டர் பிடித்துத் திட்டினார். திட்டாமல் என்ன செய்வார்?

தவிட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அரைத்த சில மணி நேரத்திலேயே அதிலுள்ள லைபேஸ் என்ற என்சைம் கொழுப்பைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். உடனே சூடு காட்டினால்தான் அடங்கும். புழுங்கல் அரிசித் தவிடு அவ்வளவு சீக்கிரம் கெடாது. நெல்லை அவிக்கும்போதே அந்த என்சைம் செத்துப் போகிறது. எண்ணெயும் அதில் கூடுதல். சத்து என்று மில் தவிட்டை அள்ளி வந்து குழந்தைக்குக் கஞ்சி வைத்துவிடாதீர்கள். உமி, கல், தூசி எல்லாம் கலந்திருக்கும்.

100 கிலோ தவிட்டில் 15 முதல் 20 கிலோ எண்ணெய் இருக்கும். செக்கில் ஆட்டினால் கட்டுப்படியாகாது. ஆலையில் கரைப்பான் ஊற்றித்தான் பிரிக்கிறார்கள். சக்கை மாட்டுத் தீவனமாகிறது. ஆலையில் காரம் சேர்த்துச் சுத்தம் செய்தால் ஒரைசனாலில் பெரும் பகுதி சோப்புக் கசடோடு போய்விடும். ஆவியால் சுத்தம் செய்ததில் பெரும்பாலும் தங்கும். ஆகவே நிறம் வெளுப்பாக இருக்கிறதே என்று மயங்காமல், பாக்கெட்டில் ஒரைசனால் அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டிக்கு சுமார் 120 கலோரி; தாராளம் வேண்டாம். பொரித்ததையே திரும்பத் திரும்பக் காய்ச்சவும் வேண்டாம். வடைக்கும் முறுக்குக்கும் தவிட்டு எண்ணெய் நன்றாகவே இருக்கிறது, தனி வாடை இல்லை. புளியோதரைக்கு மட்டும் நல்லெண்ணெய்தான். அதிலும் இதே ஜாதிச் சத்து உண்டு. அது சீக்கிரம் காறாததற்கு அதுதான் காரணம்.