குறுகிய விடுமுறையில் சீனம் பயில எங்கே செல்வது?

நம்மில் பலர் தொழிலின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, பிறமொழி வழங்கும் ஊர்களில் குடியமர்ந்தவர்கள். ஆகவே, ஒரு மொழியை ஊரிடமிருந்து கற்பது என்றால் என்னவென்று நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தில்லியில் தமிழ்க் குடும்பங்களின் நடுவே இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், காய்கறிக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்குமேல் இந்தி வராதவர் உண்டு. தமிழர் எவருமில்லாத ஒரு சிற்றூருக்கு மாற்றலாகிச் சென்று, ஆறே திங்களில் சரளமாகப் பேசத் தொடங்கியவரும் உண்டு. இருவருக்கும் அறிவில் வேற்றுமை இல்லை. வாழ நேர்ந்த சூழலில்தான் வேற்றுமை. சீனமொழி பயில விழைந்து, நான்கு அல்லது ஆறு வார விடுப்பை மட்டும் கையில் வைத்திருப்பவர் எந்த நகரத்திற்குச் செல்வது நலம் என்பதை இந்த அனுபவத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதற்கண், காலத்தின் அளவைக் கணக்கிட்டுக் கொள்வது நன்று. அமெரிக்க அரசு தன் வெளியுறவு அலுவலர்களுக்கு மொழி பயிற்றுவிக்கும் கழகம், ஆங்கிலம் பேசுவோர் சீனத்தில் அலுவல் நடத்தும் தேர்ச்சி பெறச் சுமார் 2,200 வகுப்பு மணிகள் தேவை என மதிப்பிட்டுள்ளது. வாரத்திற்கு 20 மணி வீதம் நான்கு வாரம் படித்தால் நமக்குக் கிடைப்பது 80 மணி. மத்திய அரசு ஊழியருக்கு ஓராண்டில் சேரும் ஈட்டிய விடுப்பே 30 நாள்தான். அதனையும், பல ஆண்டுகளாகச் சேமித்த பொருளையும் ஒருங்கே செலவிட்டு, "மொழியைக் கற்றுத் திரும்புவோம்" என்று புறப்படுவோர் ஏமாற்றத்தோடு திரும்புதல் உறுதி.

அங்ஙனமாயின், அந்த 80 மணியால் பயனில்லையா? பெரும்பயன் உண்டு, ஆனால் அது வேறு பயன். சொற்களையும் இலக்கணத்தையும் நாம் வீட்டிலிருந்தே நூல்களின் துணையால் கற்கலாம். வீட்டிலிருந்து கற்பதற்கு அரியது ஒலி. சீனத்தில் 'மை' என்னும் ஓரசையைத் தாழ்த்தி வளைத்துச் சொன்னால் 'வாங்கு' என்று பொருள்; உயரத்திலிருந்து சட்டென்று இறக்கிச் சொன்னால் 'விற்றல்' என்று பொருள். பொதுச் சீனத்தில் இத்தகைய ஒலிநிலைகள் நான்கு. கடைத்தெருவில் நூறு முறை கேட்டு, நூறு முறை சொல்லி, பிறர் புரிந்துகொள்ளாமல் விழிப்பதைக் கண்டு திருத்திக்கொண்டாலன்றி, இவை செவியிலும் நாவிலும் நிலைபெறுவதில்லை. குறுகிய விடுமுறை இதற்கு ஏற்றது. ஆகவே, வகுப்பில் கற்பிக்கும் ஒலியையே தெருவிலும் கேட்கக்கூடிய ஊரைத் தேர்ந்தெடுப்பதே முதல் விதி.

இங்கே வடபுலத்தில் வாழும் தமிழருக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. சீனத்தில் தந்தையைக் குறிக்கும் சொல்லும் அஞ்சுதலைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் 'பா' என்றே அமையும். பின்னதில் மூச்சு வெடித்து வருவது ஒன்றே வேற்றுமை. இந்தியில் நொடியையும் பழத்தையும் குறிக்கும் 'பல்' என்னும் இரு சொற்களை வேறுபடுத்தப் பழகிய செவிக்கு இது புதிதன்று. அன்றியும், சீனத்தின் ஒரு மெய்யொலி நம் ழகரத்திற்கு மிக அணுக்கமானது. ஆங்கிலேயர் பல வாரம் முயன்றும் தடுமாறும் இவ்வொலி நமக்குத் தாய்மொழியிலேயே அமைந்துள்ளது.

இனி நகரங்களைப் பார்ப்போம். பொதுச் சீனத்தின் உச்சரிப்புக்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது பெய்ஜிங் வழக்கு. அங்குள்ள மொழி பண்பாட்டுப் பல்கலைக்கழகம் 1962இல் தோன்றியது; அயல்நாட்டார்க்குச் சீனம் கற்பிப்பதில் நெடிய பழக்கமுடையது. நான்கு வாரக் குறும்பயிற்சிகளும் இந்நகரில் கிடைக்கும். பெய்ஜிங் மக்கள் பல சொற்களின் இறுதியில் ழகரம் போன்ற ஓர் ஒலியைச் சேர்த்துப் பேசுவர். முதலில் அது மருட்டினும், ஒரு வாரத்தில் செவிக்குப் பழகிவிடும். அயல்நாட்டு மாணவர் கூடி வாழும் பகுதியிலே தங்கி, அவர்களோடு ஆங்கிலத்தில் உரையாடிக் காலங்கழிக்கும் ஆபத்துதான் அங்கே பெரிது.

வடகிழக்கே உள்ள ஹார்பின் நகரின் பேச்சும் பொதுச் சீனத்திற்கு நெருங்கியதே. பெய்ஜிங்கினும் செலவு குறைவு. ஆங்கிலம் அறிந்தோரும் குறைவு. கோடையில் செல்வோர்க்கு இது சாலச் சிறந்தது. ஆனால் சனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும் என்பதைக் குளிர்காலத்தில் விடுப்பெடுப்போர் மறத்தலாகாது.

ஷாங்காய், குவாங்சோ, ஹாங்காங் ஆகிய பெருநகரங்களின் நிலை வேறு. ஷாங்காயின் பழம்பேச்சு வூ என்னும் கிளையைச் சார்ந்தது. குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் வழங்குவது காண்டனீயம். முதலிரு நகரங்களில் பொதுச் சீனம் பேசி வாழ இயலுமெனினும், தொடக்கநிலை மாணவரின் செவிக்குத் தெருவின் ஒலி குழப்பம் தரும். ஹாங்காங்கில் அன்றாட மொழி காண்டனீயமே. வாணிகத்தின் பொருட்டுக் குவாங்சோ செல்வோர் அங்குள்ள நண்பர்களின் துணை கருதி அந்நகரையே தேர்ந்தால் குறையில்லை. ஒலிப் பயிற்சி ஒன்றையே கருதுவோர் வடக்கே செல்வதே முறை.

அடுத்து, எழுத்தைப் பற்றி முடிவு செய்தல் வேண்டும். சீன அரசு 1956இல் எழுத்துகளை எளிமையாக்கும் திட்டத்தை வெளியிட்டது. குதிரையைக் குறிக்கும் பழைய எழுத்தில் பத்துக் கோடுகள், புதியதில் மூன்றே. தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவத்தையே போற்றுகின்றன. அலுவலுக்கும் வாணிகத்திற்கும் சீனம் பயில்வோர் எளிய எழுத்தையே நாடுவர். ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சியைப் பற்றிக் குறிப்பெழுதிய யுவான் சுவாங்கின் நூலையும், அவர் போன்ற பௌத்த அறிஞரின் மொழிபெயர்ப்புகளையும் என்றேனும் மூலத்தில் படிக்க விழைவோர்க்குப் பழைய எழுத்தே வாயில்.

அத்தகையோர்க்கு ஏற்ற இடம் தைப்பே. அங்குள்ள தேசிய ஆசிரியர் பல்கலைக்கழகத்தின் சீனமொழிப் பயிற்சி நிலையம் 1956 முதல் இயங்கி வருகிறது. உச்சரிப்பைக் குறிக்க அங்கே 37 தனிக் குறியீடுகள் வழக்கில் உள்ளன. சீனத்திலோ 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் என்னும் ரோமன் எழுத்துமுறை. தைப்பே மக்களின் பேச்சு மென்மையானது; நான்கு, பத்து என்னும் எண்ணுப்பெயர்களின் முதலொலிகளைக்கூடப் பலர் பிரித்துக் காட்டுவதில்லை. தாவர உணவு கொள்வோர்க்கு உணவகங்கள் அங்கே மிகுதி. எனினும், பல்கலைக்கழகப் பருவங்கள் பெரும்பாலும் மூன்று திங்கள் நீள்வன. குறுகிய விடுப்பினர் கோடைக்காலப் பயிற்சியையோ தனியார் பள்ளிகளையோ நாட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரைப் பற்றி நம்மவர் கேளாமல் இரார். தமிழும் ஆட்சிமொழியாக விளங்கும் அந்நாட்டில் உணவுக்கும் உறையுளுக்கும் துன்பமில்லை, உறவினரும் இருக்கக்கூடும். 1979இல் தொடங்கிய "மாண்டரின் பேசுக" இயக்கத்தால் பொதுச் சீனமும் அங்கே பரவியுள்ளது. எளிய எழுத்தே வழங்குகிறது. ஆனால் நாம் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால், எதிரே நிற்பவர் உடனே ஆங்கிலத்திற்கு மாறிவிடுவார். அவர் நமக்குச் செய்யும் அந்த உபகாரமே நம் பயிற்சிக்குக் கேடாகிவிடும். செலவும் அதிகம். உறவினரைக் காண அங்கே செல்லலாம். சீனம் பழக அதுவே சிறந்த இடமென்று சொல்லுதற்கில்லை.

எந்நகரைத் தேர்ந்தாலும் சில ஏற்பாடுகள் பொது. சந்திர ஆண்டுப் பிறப்பை ஒட்டிய சனவரி, பிப்ரவரி வாரங்களிலும், அக்டோபர் முதல் வாரத்திலும் சீனத்தில் பள்ளிகள் மூடியிருக்கும்; அந்நாட்களைத் தவிர்த்தல் வேண்டும். 180 நாளுக்குட்பட்ட படிப்புக்குச் சீனம் வழங்குவது எக்ஸ்-2 என்னும் அனுமதி. அதற்குப் பள்ளியின் சேர்க்கைக் கடிதம் தேவை. 2020இல் நின்றுபோன நேரடி விமானப் போக்குவரத்து, 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோ வழியில் மீண்டும் தொடங்கியமை கிழக்கிந்தியத் தமிழருக்கு உதவியாகும். அரசு ஊழியர் அயல்நாட்டுப் பயணத்திற்கு முன்னனுமதி பெறுதல் இன்றியமையாதது. விமானச் சீட்டு வாங்குமுன் அந்த ஆணை கையில் இருக்கட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் பள்ளிக்கு மூன்று வினாக்களை எழுதிக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்? நம் நிலைக்குரிய வகுப்பு நாம் செல்லும் வாரத்தில் உறுதியாக நடைபெறுமா? உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வழியுண்டா? மூன்றாவதற்கு 'ஆம்' என்று விடை வந்தால், கட்டணம் சற்று மிகுந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். மாலையுணவின்போது அக்குடும்பத்தின் முதியவர் நம்மிடம் கேட்கும் எளிய கேள்விகள் மற்றொரு வகுப்புக்கு நிகரானவை.

செல்லுமுன் ஆறு திங்களாவது பின்யினையும் நான்கு ஒலிநிலைகளையும் ஒரு முந்நூறு சொற்களையும் பழகிக்கொள்ளுதல் நலம். கையில் ஒன்றுமின்றிச் செல்பவர், தம் அரிய 80 மணியில் பாதியை வீட்டிலேயே முடித்திருக்கக்கூடிய பாடங்களுக்குக் கொடுத்துவிடுவார். திரும்பிய பிறகும் வாரத்தில் இரு நாள், அங்கே பெற்ற நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் அரைமணி பேசுவதற்கு, விடைபெறும் முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பழகிய செவி பேச்சின்றியிருந்தால் சில திங்களிலேயே மழுங்கத் தொடங்கும். வாரம் ஒரு மணி நேரப் பேச்சே அடுத்த விடுப்பு வரும்வரை அதனைக் காத்து நிற்கும்.