சலித்துப்போன இளவரசி: ‘ரோமன் ஹாலிடே’ இன்னும் ஏன் பிடிக்கிறது?

குவீன்ஸ்டவுனில் படிப்பவர்களுக்கும் பாடம் நடத்துபவர்களுக்கும் மார்கரெட் டிரைவ் பழக்கமான சாலை. நூலகம் அங்கேதான் இருக்கிறது. அந்த மார்கரெட் யார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். அவர் எலிசபெத் அரசியாரின் தங்கை. 1953இல் அரசியார் முடிசூடியதை நினைவுகூரத்தான் இந்தப் பேட்டைக்கே குவீன்ஸ்டவுன் என்று பெயர் வைத்தார்கள். ‘ரோமன் ஹாலிடே’ படம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

அரண்மனை வாழ்க்கை அலுத்துப்போன இளவரசி வெளியே வந்து சாதாரண ஆள் ஒருவரோடு பழகுவது ஹாலிவுட்டுக்குப் பழைய சரக்கு. 1943இல் வந்த ‘பிரின்சஸ் ஓ’ரூர்க்’ படத்திலும் இதே கதைதான். அதில் நாயகன் ஒரு விமானி. அப்படியிருக்க, இந்த ஒரு படம் மட்டும் ஏன் நிற்கிறது?

தொடக்கக் காட்சியைக் கவனியுங்கள். இளவரசி ஆன் விருந்தினர் ஒவ்வொருவரையும் வரவேற்றபடி நின்றுகொண்டே இருக்கிறாள். கால் கடுக்கிறது. நீண்ட கவுனுக்குள் ஒரு காலணியை மெதுவாகக் கழற்றுகிறாள், அது சாய்ந்துவிடுகிறது. முகத்தில் சிரிப்பு மாறவில்லை, கால் மட்டும் உள்ளே துழாவுகிறது! “அவளுக்குச் சலிப்பாக இருந்தது” என்று யாரும் சொல்லவில்லை. தேர்வில் கதை எழுதும் மாணவர்கள் இந்தக் காலணியை மறக்க வேண்டாம்.

இரவில் தப்பி ஓடுகிறவள் என்ன பெரிதாகச் செய்துவிடுகிறாள்? முடியை வெட்டிக்கொள்கிறாள், படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். அவ்வளவுதான். நாம் தினமும் செய்கிற, கண்டுகொள்ளாத காரியங்கள். படத்தின் அழகே அங்கேதான் இருக்கிறது என்பேன். கிரீடத்தைப் பார்த்து நாம் ஏங்குவதில்லை. நம் ஐஸ்கிரீமைப் பார்த்து அவள் ஏங்குகிறாள்.

கூடவே ஒரு பொய்யும் ஓடுகிறது. அவளோடு சுற்றும் ஜோ ஒரு நிருபர். அவள் யாரென்று தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கிறான். செய்தியாக்கினால் நல்ல பணம். அவளும் தான் யாரென்று சொல்லவில்லை. (கதையை எழுதிய டால்டன் டிரம்போவும் அப்போது கறுப்புப் பட்டியலில் இருந்ததால் வேறொருவர் பெயரில் ஒளிந்திருந்தார். ஆஸ்கர் விருது அவர் பெயருக்கு வந்தது 1993இல், இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.)

படம் எடுத்தது 1952இல். அது திரைக்கு வந்தபோது, நிஜ இளவரசி மார்கரெட் விவாகரத்தான விமானப்படை அதிகாரி பீட்டர் டவுன்செண்டைக் காதலிப்பது பத்திரிகைகளில் அடிபட்டது. 1955 அக்டோபர் 31 அன்று, அவரை மணக்கப்போவதில்லை என்று மார்கரெட் அறிவித்தார். படத்தில் ஆன் எடுத்த முடிவும் அதுதான்: கடமைக்குத் திரும்பிவிடுகிறாள். மற்றப் படங்களில் திருமணம் வரும் இடத்தில் இங்கே பிரிவு வருகிறது. நகைச்சுவைப் படம் என்று நினைத்து உட்கார்ந்தவருக்குத் தொண்டை அடைத்துவிடும்.

தமிழுக்கும் இந்தக் கதை வந்திருக்கிறது. 1994இல் வந்த ‘மே மாதம்’ இதன் சாயலில் அமைந்ததே. வினீத், சோனாலி குல்கர்னி நடிக்க, ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்தார். நமக்கு இளவரசி இல்லை. அதனால் அவள் பணக்கார வீட்டுப் பெண்ணாகிறாள், அரசக் கடமைக்குப் பதிலாகப் பிடிக்காத கல்யாணம் வந்து நிற்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் எதை விட்டு ஓடுகிறாள் என்பதே மாறிவிடுவது புரியும். கடமைக்குத் திரும்பிப் போனால் மரியாதை உண்டு. பிடிக்காத கல்யாணத்துக்குத் திரும்பிப் போனால் யார் கைதட்டுவார்கள்?

வகுப்பில் காட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. கடைசியில் செய்தியாளர் கூட்டம் வரும். நீங்கள் பார்த்த நகரங்களில் எது பிடித்தது என்று ஆனிடம் கேட்பார்கள். ஜோ எதிரில் நிற்கிறான். இருவரும் முன்பின் தெரியாதவர்கள்போல் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியோடு படத்தை நிறுத்திவிடுங்கள். அவள் என்ன பதில் சொல்வாள் என்று மாணவர்களை மூன்றே வரியில் எழுதச் சொல்லிவிட்டு, அப்புறம் மீதியைப் போடுங்கள்.