நானூறு ரூபாய் லேபிள்: கிராபிக் டிசைனை நம்பி இறங்கலாமா?

"நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சிட்டு போஸ்டர் ஒட்டப் போறியா?"

எங்க அப்பா கேட்ட கேள்வி இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கேள்வியில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. டிசைன் பக்கம் போகணும்னு நினைக்கிற உங்க வீட்டிலும் ஒருநாள் இது வரும். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ள, நான் விசாரித்ததையும் பட்டதையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் பட்டது

செகண்ட் இயர் படிக்கும்போது, எங்க தெருவில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் ஒரு அக்கா பாக்கெட்டுக்கு லேபிள் கேட்டாங்க. பேசிய காசு 400 ரூபாய். மூணு ராத்திரி, மொத்தம் 11 மணி நேரம் உட்கார்ந்தேன். ஸ்கிரீனில் பளிச்னு இருந்த பச்சை, அச்சாகி வந்தபோது பாசி பிடித்த சுவர் மாதிரி இருந்தது. ஓரத்தில் வேறு வெள்ளைக் கோடு. 1000 ஸ்டிக்கர் போச்சு. "விடு தம்பி, பொடி நல்லாத்தானே இருக்கு"ன்னு அக்கா சொன்னாங்க. 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பிரிண்டிங் காசு அவங்களுக்கு நஷ்டம்தான்.

தப்பு எங்கே? ஸ்கிரீன் ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அதுதான் ஆர்ஜிபி. அச்சு மையால் காட்டுகிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. அதுதான் சிஎம்ஒய்கே. ஒளியில் வரும் எல்லாப் பளபளப்பும் மையில் வராது. வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் ப்ளீட் விடாதது. வெட்டும் பிளேடு கொஞ்சம் நகரத்தான் செய்யும், அதனால் பின்னணி நிறத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி வைக்கணும். மெஷின் டிராயிங்கில் டாலரன்ஸ் படிச்சோமே, அதேதான்!

லேபிள் என்பது வெறும் அழகு இல்லை

2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், பாக்கெட்டில் என்னென்ன இருக்கணும்னு சொல்கின்றன: தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு. எழுத்து எவ்வளவு உயரம் இருக்கணும் என்பதற்கும் விதி உண்டு. உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணும், சைவத்துக்கான பச்சைக் குறியும் வேணும். ஒரு இலக்கம் மாறினாலும் மொத்த ஸ்டாக்கும் மாட்டிக்கொள்ளும்.

டெம்ப்ளேட்டும் ஏஐயும் வந்த பிறகு பிறந்தநாள் போஸ்டர் போட யாரும் காசு தர வேண்டியதில்லை. "இந்த ஃபைல் பிரஸ்ஸில் சரியா வரும், சட்டப்படி எல்லாம் இருக்கு"ன்னு பொறுப்பு எடுப்பவருக்குத்தான் காசு.

சம்பளக் கணக்கு

எங்க பக்கம் இரண்டு பிரஸ்களில் கேட்டேன். புதுசா சேர்பவருக்கு மாசம் 12,000 முதல் 15,000 வரை சொன்னாங்க. ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க வேண்டாம்.

தனியாகச் செய்வதாக இருந்தால் இப்படிக் கணக்குப் போடுங்க. மாசம் 20,000 கையில் நிற்கணும். 25 நாள், தினம் 8 மணி என்றால் 200 மணி. ஆனால் கிளையண்ட் தேடுவது, "லோகோவைக் கொஞ்சம் பெரிசாக்குங்க" என்பதற்கு ஆடுவது, பாக்கி வசூலிப்பது என்று பாதி போய்விடும். மிச்சம் 100 மணி. அப்போ மணிக்கு 200 ரூபாய். கரண்ட், நெட், லேப்டாப் தேய்மானம் தனி. நான் வாங்க இருந்தது மணிக்கு 36 ரூபாய்!

இன்னொரு விஷயம். கம்பெனி வேலையில் இருக்கும்போது அந்த வேலைக்காகச் செய்த டிசைன், வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், கம்பெனிக்கே சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. போர்ட்ஃபோலியோவில் போடும் முன் அனுமதி கேளுங்க.

எங்கே படிப்பது?

காசில்லாமல் தொடங்க இங்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் போதும். பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கை இருந்தால், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி பற்றிச் சொல்லுங்க. 1850-ல் தொடங்கியது. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். நம்ம ரயிலில் போய் சென்ட்ரலில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

நமக்கான வழி சீட் தேர்வு. ஐஐடி பம்பாய் நடத்துகிறது. கடைசி வருட பி.இ. மாணவர்களும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது. தேறினால் ஐஐடிகளில் எம்.டெஸ். படிக்க விண்ணப்பிக்கலாம். ரூபாய் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரும் நேரே டிசைனுக்கு வந்தவர் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை முடித்துவிட்டுத்தான் ஐஐடி பம்பாயில் டிசைன் படித்தார். 2010-ல் அவருடைய குறியீடு தேர்வானது.

வேலை எங்கே?

ஆப் டிசைன், விளம்பர ஏஜென்சி என்றால் பெரும்பாலும் சென்னைக்குள் போகணும். ஆனால் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கத்தையும் ஒருதரம் பாருங்க. ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் கேட்லாக், மேனுவல், பெட்டி, எச்சரிக்கைப் பலகை வேணும். டிராயிங் படிக்கத் தெரிந்து, தமிழிலும் தப்பில்லாமல் டைப் செய்யத் தெரிந்த டிசைனர் இங்கே எத்தனை பேர்? அந்த இடத்தில் நம்ம டிகிரி வீண் இல்லை.

என் முடிவு: டிரெய்னி வேலையில் ஒரு வருஷம் சேர்கிறேன், கூடவே சீட் எழுதுகிறேன். அப்பா முழுசா சமாதானம் ஆகலை. ஆனால் மணிக்கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தார்.

போன மாசம் அதே அக்கா புது லேபிள் கேட்டாங்க. 6 மணி நேரம், 1200 ரூபாய்னு சொன்னேன். பேரம் பேசலை. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "இந்தத் தடவை பச்சை பச்சையாவே வருமா தம்பி?"

முதலில் ஒரே ஒரு சாம்பிள் அடித்து, அவங்க கையில் கொடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடிச்சிடு"ன்னாங்க.