ஆடாத மேசை வேண்டும்!

வீட்டில் ஒரு பழைய பலகை கிடக்கிறது. அதைக் கொண்டு ஒரு சிறு புத்தக அலமாரி செய்யலாம் என்று வாளும் கையுமாகப் புறப்படுகிறீர்கள். பலகையை எதன்மேல் வைத்து அறுப்பீர்கள்? படிக்கும் மேசைமேல் வைக்க அம்மா விடமாட்டார்கள். விட்டாலும் அந்த மேசை ஆடும். மேசை ஆடினால் வாள் கோணும், உளி வழுக்கும். வழுக்கிய உளி போய் நிற்கும் இடம் பெரும்பாலும் மரத்தைப் பிடித்திருக்கும் உங்கள் இடக்கைதான்.

நம் ஊர்த் தச்சர்கள் பலர் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அமுக்கிக்கொண்டு இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரை ஆடாது, அதற்கு விலையும் இல்லை. ஆனால் அந்தக் கால்பிடி பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு மேசையே பத்திரம்.

மேசை ஏன் ஆடுகிறது? ஒரு சோதனை செய்து பாருங்கள். சம நீளமுள்ள நான்கு அட்டைப் பட்டைகளைச் சதுரமாக வைத்து, மூலைகளில் குண்டூசி குத்துங்கள். ஒரு பக்கத்தை மெல்லத் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். இப்போது மூலைக்கு மூலை எட்டும்படி ஐந்தாவது பட்டை ஒன்றைக் குத்தித் தள்ளிப் பாருங்கள். அசையாது! சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்கள் மாற முடியாது என்று வடிவியலில் படித்தீர்கள் அல்லவா? மேசையின் பின்புறக் கால்களுக்கிடையே ஒரு சாய்வுச் சட்டம் அடித்தால் அதே பலன் கிடைக்கும். ஒரு ஒட்டுப்பலகையை முழுதாக அறைந்தாலும் சரியே. துளையிட்ட இரும்பு ஆங்கிள்களை முடுக்கிச் செய்யும் மேசைகளில் மூலைத் தகடுகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். இல்லையென்றால் அது அலமாரிக்குத்தான் லாயக்கு.

அடுத்து மேற்பலகை. ஒரு மர அடிக்கோலைப் படுக்கையாகப் பிடித்து வளைத்தால் வளைகிறது. விளிம்பை நிறுத்திப் பிடித்து அழுத்தினால் வளைய மறுக்கிறது. வளைவை எதிர்க்கும் திறன் தடிமனின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்தில் இருப்பதே காரணம். ஆகவே 1 அங்குலப் பலகையைவிட 2 அங்குலப் பலகை இரு மடங்கு அல்ல, 8 மடங்கு விறைப்பானது!

2 அங்குலப் பலகைக்குக் காசு போதவில்லையா? முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். ஆனால் சும்மா வைத்தால் விறைப்பு 2 மடங்குதான். பரப்பு முழுதும் மரப்பசை தடவி, திருகாணியிட்டு ஒட்டினால் 8 மடங்கு. இது எப்படி? நோட்டுப் புத்தகம் ஒன்றை வளையுங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது சுலபமாக வளைகிறது. பசை அந்த வழுக்கலைத் தடுத்து, இரண்டு பலகைகளையும் ஒரே பலகையாக்கிவிடுகிறது. ஒரு டப்பா பசைக்கு இவ்வளவு வேலை!

சட்டமும் பலகையும் உறுதியானாலும், எடை குறைந்த மேசை இழைக்கும்போது நகர்ந்துவிடும். மேசையின் எடை 20 கிலோ, தரைக்கும் காலுக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடைக்குச் சமமான விசையே அதை நகர்த்தப் போதும். இழைப்புளியைப் பலமாகத் தள்ளினால் இதை எளிதில் தாண்டிவிடுவீர்கள். கீழ்த்தட்டில் 15 செங்கற்களை அடுக்குங்கள். ஒன்று 3 கிலோ என்றால் மொத்த எடை 65 கிலோ. நகர்த்த 32 கிலோவுக்கு மேல் வேண்டும். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் ரான் ஹிக்மன் என்ற கார் வடிவமைப்பாளர், 1960-களின் தொடக்கத்தில், நாற்காலிமேல் பலகையை வைத்து அறுத்தபோது நாற்காலியும் சேர்ந்து அறுபட்டது. அதன் பிறகு அவர் உருவாக்கிய 'ஒர்க்மேட்' என்னும் மடக்கு மேசை உலகெங்கும் விற்றது. அது எடை குறைந்ததுதான். ஆனால் கீழே ஒரு மிதிபலகை உண்டு. அதில் காலை ஊன்றினால் உங்கள் எடையும் மேசையோடு சேர்ந்துகொள்ளும்.

மரத்தைப் புதிதாக வாங்குவதைவிட, வீடு இடித்த மரம் விற்கும் கடைக்குப் போவது நல்லது. பழைய கதவு நிலைச் சட்டங்கள் கால்களுக்கு மிகப் பொருத்தம். பல ஆண்டுகள் காய்ந்த மரமாதலால் இனி அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. ஊசித் துளைகளும், தட்டினால் மாவு போல் உதிரும் தூளும் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். பழைய ஆணிகளையும் தேடிப் பிடுங்கிவிடுங்கள்.

உயரம்? நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம் இழைப்புக்கு ஏற்றது. அதைவிட உயர்ந்தால் உடலின் பலம் உதவாது; தோள்தான் வலிக்கும். நீங்கள் இன்னும் வளரும் பிள்ளைகள். வீட்டுப் பெரியவர் அளவுக்கே செய்து, இப்போதைக்குக் கீழே ஒரு அகலப் பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

மரத்தைப் பிடிக்க வைஸ் வாங்க இப்போது முடியாவிட்டால் இரண்டு 'ஜி' கிளாம்புகள் போதும். இழைப்பதற்கு மேசையின் ஓரத்தில் ஒரு மெல்லிய மரத்துண்டை அறைந்து, பலகையை அதில் முட்டக் கொடுங்கள். அந்தத் துண்டு இழைக்கும் பலகையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஆணித் தலைகளையும் மரத்துக்குள் நன்றாக இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இழைப்புளியின் அலகு போய்விடும்.