கை நடுக்கம் நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?



நமது மருத்துவ உதவி நிதியிலிருந்து மாதந்தோறும் தன் வாப்பாவுக்கு மாத்திரை வாங்கிச் செல்லும் தம்பி ஒருவர் சென்ற மாதம் வரவில்லை. விசாரித்தேன். "வாப்பாவுக்குக் கை நடுக்கம் நின்றுவிட்டது மாமா. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறோம்" என்றார். அவர் வாப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். "டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்" என்றேன். காரணம் இதுதான்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. பெரும்பாலும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50,000இல் ஒரு பங்கு இடைவெளி இருக்கிறது. செல்லுக்குள் மின்சாரமாக ஓடிவரும் செய்தி அந்த இடைவெளியில் நின்றுவிடும். அதை அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பவை சில ரசாயனங்கள். எதிரிலுள்ள செல்லில் அவற்றுக்கென்றே 'ஏற்பிகள்' உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் ரசாயனம் ஏற்பியில் பொருந்தினால்தான் செய்தி போய்ச் சேரும்.

1921இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி, நரம்பைத் தூண்டி ஒரு தவளை இதயத்தின் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயத்திலிருந்த திரவத்தை வேறொரு இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே அதுவும் மெதுவாகத் துடித்தது. செய்தியைச் சுமந்தது ரசாயனமே என்று தெளிவானது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நடப்பதற்கும் சட்டைப் பொத்தான் போடுவதற்கும் 'டோபமைன்' என்ற ரசாயனம் தேவை. பார்க்கின்சன் நோயில் அதைச் சுரக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. பூட்டு இருக்கிறது, சாவி போதவில்லை. டோபமைனை மாத்திரையாகக் கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. 'லெவோடோபா' நுழையும், உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆகவே நடுக்கம் குறைந்தது நோய் போனதால் அல்ல, மாத்திரை வேலை செய்வதால். திடீரென நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

• மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள்.

• இறைச்சி, முட்டை, பால் போன்ற புரத உணவுகள் சிலருக்கு இம்மருந்தின் பலனைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்பு கொடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• ரமளானுக்கு முன்பே டாக்டரிடமும் ஆலிமிடமும் ஆலோசியுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

• மெதுவாக நடப்பதும், முகம் சிரிக்காமல் இருப்பதும் நோயின் அடையாளங்கள். பிடிவாதம் என்று பெரியவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பிறகுதான் அந்தத் தம்பி மனம் திறந்தார்: "மாதாமாதம் வந்து கேட்கக் கூச்சமாக இருந்தது மாமா." கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. இந்த நிதி உங்களுக்காகவே இருக்கிறது. நேரில் வர இயலாவிட்டால் சொல்லியனுப்புங்கள். மாத்திரையை வீட்டிலேயே சேர்ப்பிக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்