வடிகால் வழியே வரும் ஏரி

அயர்லாந்தின் கால்வே கவுண்டிக்குச் சுற்றுலா போகவிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அங்கே ஏரி ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக மாயமாகிவிடுமாமே, நிஜமா?"

ஏரி நிஜம். மாயம், விளம்பரக்காரர்கள் சேர்த்துக்கொண்டது. தெற்குக் கால்வேயில் கோர்ட் என்ற சிற்றூரைச் சுற்றி இத்தகைய ஏரிகள் பல உண்டு, டர்லாக் என்பார்கள். மழைக்காலத்தில் நிரம்பும், கோடையில் வடிந்து மாடு மேயும் புல்வெளியாகும். வடியப் பெரும்பாலும் வாரக்கணக்கில் ஆகும்.

இந்த ஏரிகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதை மழைநீர் அரிப்பதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். அப்படி அரித்த குடைவுகள் என்ன செய்கின்றன என்பதில்தான் சுவாரசியம். பல டர்லாக்குகளில் தண்ணீர் வருவதும் போவதும் அடியிலுள்ள அதே துவாரங்களின் வழியாகத்தான். ஒரே துவாரம் எப்படி இரண்டு வேலையும் பார்க்கும்?

அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருப்பவர்களைக் கேளுங்கள். மேல் வீடுகளில் வாஷிங் மெஷின் தண்ணீர் ஒரே நேரத்தில் இறங்கினால், கீழ் வீட்டுக் குளியலறையின் ஜாலி வழியே அது பொங்கி வரும். குழாய் அடைக்கவில்லை, வருகிற வேகத்துக்கு அதன் அகலம் போதவில்லை, அவ்வளவே. இங்கே மேல் வீடு, மழையைக் கொட்டிவிடும் ஸ்லீவ் ஆக்டி மலை. குழாய், பாறைக்குள் ஓடும் குடைவு. தரைத்தளம், டர்லாக். தெருச் சாக்கடை, கின்வாரா கடற்கரை. நிலத்தடி நீர் அங்கே ஊற்றாகக் கடலில் கலக்கிறது. ஓதம் ஏறினால் தெருச் சாக்கடை நிரம்பிய கதைதான். அதனால், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் காஹர்கிளாசான் என்ற நன்னீர் ஏரி, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் நாட்களில் ஓதத்தோடு ஏறி இறங்குகிறது! ஒரே வித்தியாசம்: இங்கே சண்டைக்குப் போக மாடியில் ஆள் இல்லை.

வரலாறும் வேண்டும் என்பவர்களுக்கு: இதே பகுதியிலுள்ள கூல் பார்க், ஒரு காலத்தில் கிரகரி சீமாட்டியின் எஸ்டேட். கவிஞர் யேட்ஸ் அருகிலுள்ள பாலிலீ கோபுரத்தை 1917இல் வாங்கினார். அங்கே ஓடும் ஆறு மண்ணுக்குள் இறங்கிக் கூல் ஏரியில் எழுவதைக் கவிதையிலும் வைத்தார். 2009 வெள்ளம் அந்தக் கோபுரத்துக்குள்ளேயே புகுந்தது. போதும்.

வெள்ளத்துக்கு எளிய தீர்வாக, கடல்வரை கால்வாய் வெட்டிவிடலாம் என்பார்கள். வெளியேறும் வழி அகலமானால் தேங்குவது குறையும். தேங்காவிட்டால் டர்லாக் ஏது? அயர்லாந்தில் இப்படி வடிக்கப்பட்ட டர்லாக்குகள் ஏற்கெனவே பல.

கோடையில் போகிறவர்கள் வெறும் புல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். கல் அடுக்கிய வேலிச்சுவர்களிலும் மரத்தின் அடியிலும் கரியைப் பூசியதுபோல் ஒரு பாசி காய்ந்து ஒட்டியிருக்கும். சிங்க்ளிடோட்டஸ் என்று பெயர். வெள்ளத்தில் மூழ்கும் மட்டம் வரைதான் அது பெருகி வளரும். அந்தக் கறுப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். சில இடங்களில் உங்கள் தலைக்கு மேலேயும் இருக்கும். டிக்கெட் இல்லை, வழிகாட்டியும் வேண்டாம்.