"மறுபடியும் வர வேண்டுமா, டாக்டர்?"

குனிந்து குழந்தையைத் தூக்கினீர்கள். இடுப்பில் 'சுரீர்' என்றது. அப்புறம் நிமிர முடியவில்லை! இந்த அனுபவம் இல்லாத குடும்பத் தலைவி உண்டா?

நம் வீட்டில் என்றால் தைலமும் வெந்நீர் ஒத்தடமும் உடனே வந்துவிடும். அமெரிக்காவிலோ பலர் 'கைரோபிராக்டர்' என்பவரைத் தேடிப் போகிறார்கள். அவரிடம் கத்தி கிடையாது. பெரும்பாலும் மருந்துச் சீட்டும் கிடையாது. முதுகெலும்பைக் கையால் அழுத்தி, 'சடக்'கென்று நெட்டி முறிப்பதுதான் அவருடைய முக்கிய வைத்தியம். அங்கே மகனோ மகளோ இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும்.

இந்த வைத்தியம் பிறந்தது 1895-ல், அயோவா மாகாணத்தில் மிஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள டாவன்போர்ட் நகரில். டேனியல் டேவிட் பாமர் என்பவர், தம் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டின் முதுகை அழுத்தியதும், அவருக்கு வெகுகாலமாக இருந்த செவிட்டுத்தனம் நீங்கியது என்று சொல்லிக்கொண்டார். ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முள்ளெலும்பு பிசகுவதே காரணம் என்றும் முழங்கினார். மருத்துவ விஞ்ஞானம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அனுமதியின்றி வைத்தியம் செய்ததாக 1906-ல் அவர் சிறை செல்லவும் நேர்ந்தது.

மகன் பி. ஜே. பாமரோ விளம்பரத்தில் சூரர்! 1922-ல் ஒரு வானொலி நிலையத்தையே வாங்கிவிட்டார். பின்னால் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன், இளமையில் அறிவிப்பாளராக வேலை பார்த்தது அந்த நிலையத்தில்தான். ஆனால், 1924-ல் முதுகின் உஷ்ணத்தை அளக்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்து, இது இல்லாமல் சிகிச்சை இல்லை என்று பெரிய வாடகை கேட்டாரே, அப்போது அவரை நம்பியிருந்த சீடர்களிலேயே பலர் விலகிப் போனார்கள். விளம்பரம் ஆளைச் சேர்க்கும். ஆனால் நம்பிக்கை போனால் சேர்ந்த ஆளும் போய்விடுவார் அல்லவா?

இன்று அந்நாட்டின் 50 மாகாணங்களிலும் இத்தொழிலுக்கு அனுமதி உண்டு. ஆயினும் அந்தப் பழைய சங்கடம் தீரவில்லை. நாலு தடவை வந்ததும் வலி குறைகிறது. நோயாளி வருவதை நிறுத்திவிடுகிறார். இடத்துக்கு வாடகை, உதவியாளருக்குச் சம்பளம் எல்லாம் கொடுக்க வேண்டிய வைத்தியர் என்ன செய்வார்?

அவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, பயமுறுத்துவது. எக்ஸ்ரே படத்தைக் காட்டி, "பாருங்கள், எலும்பு எப்படித் தேய்ந்திருக்கிறது!" என்று சொல்லி, ஒரு வருஷத்துக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வது. வயதானால் தலை நரைப்பதுபோல், வலியே இல்லாதவர்கள் பலருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

மற்றொன்று, விளங்க வைப்பது. "போன வாரம் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை என்றீர்கள், இன்று அரைமணி உட்கார்ந்தீர்கள். இனி இந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்யுங்கள். இரண்டு வாரத்தில் குணம் தெரியாவிட்டால் வேறு டாக்டரைப் பார்க்கலாம்" என்று கணக்குக் காட்டுவது. முதியோருக்கான அமெரிக்க அரசின் 'மெடிகேர்' காப்புறுதியும் இதே கணக்கைத்தான் கேட்கிறது. முதுகெலும்பைச் சரிசெய்யும் சிகிச்சைக்கு அது பணம் தரும். குணத்தில் முன்னேற்றமில்லாமல் வெறுமே தொடரும் சிகிச்சைக்குத் தராது.

திடீரென்று வரும் இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் எடுத்துச் சொன்னது. மருந்துக்கு முன்னால் ஒத்தடம், மஸாஜ், முதுகெலும்புச் சிகிச்சை முதலியவற்றைப் பார்க்கலாம் என்றும் யோசனை கூறியது. ஆகவே இதைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். சர்வரோக நிவாரணி என்று நம்பவும் வேண்டாம்.

எந்த வைத்தியரிடம் போனாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எனக்கு என்ன கோளாறு? எத்தனை தடவை வர வேண்டும்? குணமாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேரான பதில் கிடைக்காவிட்டால் பணப்பையைத் திறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலும், சிறுநீர் கட்டுப்படாவிட்டாலும், ஜுரம் இருந்தாலும், கீழே விழுந்து அடிபட்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்தை வேகமாகத் திருப்புவதில், அபூர்வமாக, ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் அபாயம் சொல்லப்படுகிறது.

"இனிமேல் நீங்கள் வரவேண்டாம் அம்மா, குணமாகிவிட்டது" என்று சொல்லும் வைத்தியருக்கு அன்றைய வருமானம் குறையலாம். ஆனால் அடுத்த தடவை பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால், யாருடைய விலாசத்தைக் கொடுப்பீர்கள்? அவருடையதைத்தானே!